ஹகீம் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ (ரஹ்)

பக்கவாதத்தில் கால் விறைத்துப்போன பெரியவர் வீட்டிலிருந்தால், ஹிஜாமா செய்யலாமா என்ற கேள்வி எழாமல் இராது. நபி (ஸல்) அவர்கள் செய்துகொண்ட சிகிச்சையாயிற்றே! இப்படிக் கேட்டு வருகிறவர்களுக்கு நான் அந்தலூஸின் ஹகீம் ஸஹ்ராவீ (ரஹ்) அவர்களின் வரலாற்றைச் சொல்வதுண்டு.

குர்துபாவை அடுத்து, கலீபா மூன்றாம் அப்துர் ரஹ்மான் ஹிஜ்ரி 325-ல் (கி.பி. 936) கட்டத் தொடங்கிய மதீனத்துஸ் ஸஹ்ராதான் அன்னாரின் ஊர். அன்ஸாரிகளின் வழிவந்தவர்கள். ஆயுளெல்லாம் வைத்தியம் பார்த்த அனுபவத்தை 30 பாகங்கள் கொண்ட 'அத்தஸ்ரீஃப்' என்னும் கிதாபாக எழுதினார்கள். கடைசிப் பாகம் அறுவை சிகிச்சை; கருவிகளின் படங்களும் அதில் உண்டு.

ஹிஜாமாவுக்கும் அதில் ஒரு பாடம் இருக்கிறது. கொம்பு, மரம், செம்பு, கண்ணாடி ஆகியவற்றால் ஆன கிண்ணங்களைச் சொல்கிறார்கள். கீறி இரத்தம் எடுப்பது ஒரு வகை, கீறாமல் வெறுங்கிண்ணம் வைப்பது மற்றொரு வகை. கீறுவதற்கு 14 இடங்களைக் குறிப்பிட்டார்கள். கல்லீரல், மண்ணீரல், தொப்புள் போன்ற கீறல் தாங்காத இடங்களில் வெறுங்கிண்ணமே வைக்கவேண்டும் என்றார்கள்.

பக்கவாதத்துக்கோ அன்னார் காலைத் தேடிப் போகவில்லை! முதலில் மருந்தால் சுத்தி செய்து, பிறகு தலையிலும் பிடரி எலும்புகளிலும் சூடுபோடச் சொன்னார்கள். அந்தச் சூடு இன்று வழக்கொழிந்துவிட்டது. ஆனால் நோயின் வேர் காலில் இல்லை என்பது மெய்தான். மூளையில் ஏற்பட்ட சேதமே காலை விறைக்கச் செய்கிறது. கிண்ணம் தசைக்குச் சற்று இதம் தரலாம். மூளையின் சேதத்தை அது ஆற்றாது. டாக்டர் சொல்லும் பயிற்சிகளை அதற்காக நிறுத்திவிடக் கூடாது. இரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுகிறவரைக் கீறுவது ஆபத்து. உணர்ச்சி மரத்த காலில் நெருப்புக் கிண்ணம் வைத்தால், சுட்டாலும் அவருக்குத் தெரியாது.

அன்னார் தம் கண்ணால் கண்ட ஒரு சம்பவத்தையும் எழுதியிருக்கிறார்கள். பிரபு ஒருவரின் பணியாளுக்குக் குதிகாலருகே எலும்பு முறிந்து காயமும் இருந்தது. அங்கிருந்த வைத்தியர் காயத்தின்மேலேயே இறுகக் கட்டி, அவிழ்க்கக் கூடாதென்று சொல்லிப் போய்விட்டார். கால் வீங்கி உயிர் ஊசலாடும் நேரத்தில் அன்னாரை அழைத்தார்கள். ஓடிவந்து கட்டை அவிழ்த்தார்கள், வலி தணிந்தது. ஆனால் அழுகல் பரவி அந்த மனிதர் இறந்துபோனார். உடற்கூறு அறியாமல் வைத்தியத்தில் இறங்குகிறவர்களை எச்சரிக்கவே அன்னார் இதுபோன்றவற்றைக் கிதாபின் தொடக்கத்தில் வைத்தார்கள்.

கி.பி. 1010-ஐ ஒட்டிய கலகத்தில் மதீனத்துஸ் ஸஹ்ரா சூறையாடப்பட்டது. அன்னாரும் ஹிஜ்ரி 400-க்குப் பின் வஃபாத்தானார்கள். கிதாபோ 12-ஆம் நூற்றாண்டில் துலைதுலாவில் லத்தீனுக்குப் போயிற்று. 1908-ல் நம் லக்னோவிலும் அச்சாயிற்று.