செல்வத்தின் பயன்

பெங்களூருவில், அல்சூர் ஏரியருகே ஆர்.பி.ஏ.என்.எம். பள்ளி உள்ளது. அதனை நிறுவியவர் ஆற்காடு நாராயணசாமி முதலியார் (1827–1910). வறிய குடும்பத்தில் பிறந்த அவர், வணிகத்தால் உயர்ந்தார். அட்டாரா கச்சேரியைக் கட்டிய ஒப்பந்தக்காரரும் அவரே.

தேவைகள் பல, அவற்றை நிறைவேற்றும் வளமோ அளவுடையது. இதனைக் கிடைப்பருமை என்பர். ஒரே பணத்தை இருவழிகளில் செலவிட இயலாது. ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், கைவிட்ட மற்றொன்றின் பயனை இழக்கிறோம். அவ்விழப்பே வாய்ப்புச் செலவு. செல்வர்க்கும் இதுவே நியதி.

முதலியார் தம் பொருள் முழுவதையும் வணிகத்திலேயே இட்டு மேலும் பெருக்கியிருக்கலாம். ஆயினும், 1873இல் ஏழைச் சிறுவர்க்குப் பள்ளி தொடங்கினார். 1883இல் கல்வி அறக்கட்டளை அமைத்தார். தமக்கு வரவிருந்த ஆதாயத்தை விடுத்துப் பிறர் கல்வியைத் தேர்ந்தார். அதன் பயனை மாணவர் இன்றும் பெறுகின்றனர்.