மூன்றாம் பூச்சு

பெங்களூரு நகரத் தொடர்வண்டி நிலையத்தை அடுத்துள்ளது ஒக்கலிபுரம். அங்கிருந்து மைசூரு செல்லும் வழியில், ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் சென்னப்பட்டணம் என்னும் ஊர் உள்ளது. அவ்வூர்க் கைவினைஞர்கள் மரத்துண்டைக் கடைசல் பொறியில் சுழற்றிப் பொம்மைகளை வடிக்கின்றனர். சுழலும் மரத்தின்மீது வண்ண அரக்குக் குச்சியை அழுத்தும்போது, உராய்வின் வெப்பத்தால் அரக்கு உருகி மரத்தில் படிகிறது. பின்னர்த் தாழை மடலால் தேய்த்து அதனை மெருகேற்றுகின்றனர்.

பெருநகரப் பொம்மைக் கடைகளில் வேறொரு காட்சியைக் காணலாம். ஆளுயர யானையோ கோபுரமோ விண்கலமோ, விரல்நுனி அளவுள்ள நெகிழிக் கட்டைகளால் கட்டப்பட்டு நிற்கும். சிறுவர்கள் அதனை விட்டு நகர மறுப்பர். மரப்பொம்மைக்கும் இந்த நெகிழிக் கட்டைக்கும் தொடர்பே இல்லை என்று தோன்றக்கூடும். ஆயினும், லெகோ எனப்படும் அந்தக் கட்டைகளை உலகிற்கு வழங்கியவர், மரத்தை இழைத்துப் பூச்சுப் பூசிப் பிழைத்த ஒரு தச்சரே ஆவார். அவர் பெயர் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சென்.

இளமைப் பருவம்

ஓலே கிர்க், டென்மார்க் நாட்டின் ஃபில்ஸ்கோவ் என்னும் சிற்றூரில் 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் பிறந்தார். ஏழைக் குடும்பத்தில் பல பிள்ளைகளுள் ஒருவராக வளர்ந்தார். சிறு வயதிலேயே ஆடுமாடு மேய்த்தார். பின்னர்த் தம் அண்ணனிடம் தச்சுத்தொழில் பயின்றார். வேலை தேடி ஜெர்மனிக்கும் நார்வேக்கும் சென்றார். நார்வேயில் கிறிஸ்டினே என்னும் பெண்ணைக் கண்டு மணந்துகொண்டார். 1916இல் தாயகம் திரும்பி, பில்லுண்ட் என்னும் ஊரில் ஒரு தச்சுப் பட்டறையை விலைக்கு வாங்கினார். வீடுகளுக்குக் கதவும் சன்னலும் செய்வதும், உழவர்களுக்குக் கட்டடங்கள் எழுப்புவதும் அவர் தொழிலாயின.

அடுத்தடுத்த துன்பங்கள்

1924ஆம் ஆண்டில் ஒருநாள், அவருடைய சிறு மகன்கள் இருவர் பட்டறையில் தீமூட்டி விளையாடினர். மரச்சீவல்களில் பற்றிய தீ பட்டறையையும் வீட்டையும் எரித்தது. ஓலே கிர்க் மனம் தளராமல், முன்னிலும் பெரிய கட்டடத்தை எழுப்பினார்.

1929இல் அமெரிக்காவில் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சி விரைவிலேயே டென்மார்க்கையும் தாக்கியது. விளைபொருளுக்கு விலை கிடைக்காத உழவர்களால் புதிய வீடு கட்ட இயலவில்லை. தச்சருக்கு வேலை குறைந்தது. தம்மிடம் பணிபுரிந்தோரை ஒவ்வொருவராக அனுப்பிவிட வேண்டிய நிலை அவருக்கு ஏற்பட்டது. 1932இல் மனைவி கிறிஸ்டினேயும் காலமானார். நான்கு ஆண் பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பு அவர் ஒருவர் தோளில் விழுந்தது.

எஞ்சிய மரத்தைக் கொண்டு ஏணிகளையும் துணி தேய்க்கும் பலகைகளையும் செய்தார். மரப்பொம்மைகள் செய்யவும் தொடங்கினார். கடனுக்குப் பிணை நின்ற உடன்பிறந்தோரோ, பொம்மை செய்வதை விட்டுப் பயனுள்ள வேலையைப் பார்க்குமாறு வலியுறுத்தினர். ஓலே கிர்க் அதற்கு இணங்கவில்லை. 1934இல் தம் நிறுவனத்திற்கு லெகோ என்று பெயரிட்டார். நன்றாக விளையாடு என்னும் பொருள் தரும் இரண்டு டேனிய மொழிச் சொற்களின் முதலெழுத்துகளை இணைத்து அப்பெயரை அமைத்தார்.

மரவாத்து கற்பித்த பாடம்

அப்பட்டறையில் செய்யப்பட்ட பொம்மைகளுள் சக்கரம் பூட்டிய மரவாத்து புகழ் பெற்றது. ஒவ்வொரு வாத்துக்கும் மூன்று முறை வார்னிஷ் பூசுவது வழக்கம். மகன் கோட்ஃப்ரெட் சிறுவனாக இருந்தபோதே தந்தைக்கு உதவி வந்தார். ஒருநாள் அவர் வாத்துகளுக்கு இரண்டு பூச்சு மட்டுமே பூசி, பெட்டிகளில் அடுக்கித் தொடர்வண்டி நிலையத்தில் ஒப்படைத்துவிட்டுத் திரும்பினார். ஒரு பூச்சுக்கான செலவை மிச்சப்படுத்திய செய்தியைத் தந்தையிடம் பெருமையுடன் கூறினார்.

பணத்தட்டுப்பாடு மிகுந்த காலம் அது. இரண்டு பூச்சுக்கும் மூன்று பூச்சுக்கும் உள்ள வேறுபாட்டை வாங்குவோர் உடனே அறியவும் வாய்ப்பில்லை. ஆயினும், தந்தை மகிழவில்லை. பெட்டிகளை உடனே மீட்டுவந்து, பிரித்து, மூன்றாம் பூச்சையும் பூசி, மீண்டும் அனுப்புமாறு கட்டளையிட்டார். அவ்வேலை முழுவதையும் வேறெவர் துணையுமின்றி மகனே செய்ய வேண்டும் என்றும் கூறினார். கோட்ஃப்ரெட் இரவு முழுவதும் விழித்திருந்து அதனை முடித்தார். மிகச் சிறந்தது எதுவோ அதுவே போதுமானது என்னும் தந்தையின் கொள்கையைப் பிற்காலத்தில் அவரே மரப்பலகையில் செதுக்கிப் பட்டறைச் சுவரில் மாட்டினார்.

கட்டை பிறந்த வரலாறு

1942இல் மீண்டும் தீ மூண்டது. தொழிற்சாலையோடு பொம்மைகளின் மாதிரிகளும் வரைபடங்களும் அழிந்தன. அப்போது நாடு ஜெர்மானியப் படையின் பிடியில் இருந்தது. அந்நிலையிலும் ஓலே கிர்க் தொழிலைக் கைவிடவில்லை. போர் முடிந்தபின், நெகிழியை உருக்கி அச்சில் வார்க்கும் விலையுயர்ந்த இயந்திரத்தைத் துணிந்து வாங்கினார். ஹிலாரி பேஜ் என்னும் ஆங்கிலேயர் உருவாக்கிய கட்டையை முன்மாதிரியாகக் கொண்டு, 1949இல் குமிழ்கள் உடைய நெகிழிக் கட்டைகளை வெளியிட்டார்.

தொடக்கத்தில் அவை நன்கு விற்கவில்லை. உட்புறம் வெறுமையாக இருந்ததால் கட்டைகளின் பிடிப்பு உறுதியற்றிருந்தது. கட்டி முடித்த உருவம் சிறிது அசைந்தாலும் சரிந்தது. தந்தையிடம் பாடம் கற்ற கோட்ஃப்ரெட், கட்டையின் மேற்பரப்பை விடுத்து அதன் உட்புறத்தை ஆராய்ந்தார். உள்ளே குழல்களை அமைத்தபோது, கீழ்க்கட்டையின் குமிழ்களை அவை இறுகப் பற்றிக்கொண்டன. 1958 ஜனவரி 28ஆம் நாள் இவ்வமைப்புக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். அதன்பின் ஆறு வாரங்களில், மார்ச் 11ஆம் நாள், ஓலே கிர்க் இயற்கை எய்தினார். அக்கட்டை உலகெங்கும் பரவியதைக் காண அவருக்கு வாய்க்கவில்லை.

கடைக் காட்சிகள்

கட்டைகளைப் பெட்டிக்குள் வைத்து விற்றால் மட்டும் போதாது. அவற்றால் என்னென்ன கட்டலாம் என்பதை மக்களுக்குக் காட்டவும் வேண்டும். ஆதலால், கடைகளுக்கும் கண்காட்சிகளுக்கும் பெரிய உருவங்கள் கட்டப்பட்டன. அவற்றைப் பார்ப்பதற்காகவே பில்லுண்ட் தொழிற்சாலைக்கு மக்கள் திரண்டு வந்தனர். கூட்டம் பெருகியதால், 1968இல் அங்கே லெகோலாந்து என்னும் பூங்கா திறக்கப்பட்டது. கோட்ஃப்ரெட்டின் உறவினரான டாக்னி ஹோல்ம் என்னும் பெண் சிற்பி, அப்பூங்காவின் உருவங்கள் பலவற்றை வடிவமைத்தார்.

இத்தகைய காட்சி உருவத்தை அமைப்போர், முதலில் சிறிய மாதிரி ஒன்றைச் செய்கின்றனர் அல்லது கணினியில் வரைகின்றனர். பிறகு அதனை அடுக்கு அடுக்காகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்கிலும் எந்த நிறக் கட்டை எங்கே அமைய வேண்டும் எனத் திட்டமிடுகின்றனர். கட்டும் முறை கொத்தனார் சுவர் எழுப்பும் முறையை ஒத்தது. மேல்வரிசைக் கட்டை, கீழ்வரிசையில் இரு கட்டைகள் சேரும் இடத்தை மூடுமாறு வைக்கப்படும். சேரும் இடங்கள் ஒரே நேர்க்கோட்டில் அமைந்தால், உருவம் அக்கோட்டில் பிளந்துவிடும்.

பெரிய உருவத்தை முழுவதும் கட்டைகளால் நிரப்புவதில்லை. நிரப்பினால் எடை மிகுதியாகும். ஆதலால், உள்ளே இடைவெளி விட்டுக் குறுக்குத் தாங்கிகளை அமைக்கின்றனர். மிக உயர்ந்த உருவமாயின் இரும்புச் சட்டகம் அதன் எடையைத் தாங்கும். வண்டியில் ஏற்றுவதற்கும் கடை வாயிலில் நுழைப்பதற்கும் ஏற்றவாறு பகுதி பகுதியாகக் கட்டிக் கடையில் இணைக்கின்றனர். பலரும் தொட்டுப் பார்க்கும் இடத்தில் நிற்பதால், கட்டைகளைப் பசையிட்டு ஒட்டுவதும் உண்டு.

கடைக்கு வரும் சிறுவர்கள் யானையின் துதிக்கையைக் கண்டு வியப்பர். அதன் வயிற்றுக்குள் இருக்கும் இரும்புச் சட்டகத்தையோ குறுக்குத் தாங்கிகளையோ அவர்கள் காண்பதில்லை. எனினும், யானை சாயாமல் நிற்பது அவற்றால்தான். வாங்குவோர் கண்ணுக்குப் புலப்படாத மூன்றாம் பூச்சையும் பூசச் சொன்ன தச்சரின் நேர்மை, அவர் மறைந்து பல பத்தாண்டுகள் கடந்த பின்னரும் இவ்வுருவங்களின் உள்ளே நிலைபெற்றுள்ளது.

சொற்பொருள்

நெகிழி – பிளாஸ்டிக்
பிணை – ஒருவர் கடனுக்கு மற்றொருவர் ஏற்கும் பொறுப்பு
காப்புரிமை – கண்டுபிடிப்பைப் பாதுகாக்கும் சட்ட உரிமை
சட்டகம் – தாங்கி நிற்கும் கூடு

சிந்தித்து எழுதுக

1. மகன் பணத்தை மிச்சப்படுத்தியும் ஓலே கிர்க் மகிழாததற்குக் காரணம் யாது?
2. மேல்வரிசைக் கட்டை, கீழ்வரிசைக் கட்டைகள் சேரும் இடத்தை மூட வேண்டியது ஏன்?
3. உங்கள் வீட்டில் பிறர் கண்ணில் படாமலேயே நாள்தோறும் நன்கு செய்யப்படும் வேலை ஒன்றைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக.