கல்லைக் கற்ற புரூஸ் பூட்

பொன்னை நாடுவோர் பலர்; பொன் எந்தப் பாறையில் உறைகின்றது என ஆராய்ந்து உரைத்தோர் சிலரே. அச்சிலருள் முதன்மை வாய்ந்தவர் இராபர்ட் புரூஸ் பூட் ஆவார்.

1834 செப்டம்பர் 22இல் இங்கிலாந்தின் செல்டன்ஹாம் நகரில் பிறந்த அன்னார், 1858இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து சென்னை வந்தார். 1863 மே 30இல் பல்லாவரத்தில் பழங்கற்காலக் கருவியொன்றைக் கண்டெடுத்தார். தமிழ் மண்ணின் தொன்மையை உலகம் அதனால் உணர்ந்தது.

பின்னர்க் கன்னட நாட்டு மலைகளை ஆராய்ந்தார். பழம்பாறைகளினிடையே பட்டை பட்டையாக மடிந்து கிடக்கும் தகட்டுப் பாறைகளுக்குத் தார்வார்த் தொகுதி எனப் பெயரிட்டார். தென்னாட்டுப் பொன்னுக்குத் தலையாய இருப்பிடம் அதுவே என எடுத்துக்காட்டினார். கோலார்ப் பட்டையும் அதனைச் சேர்ந்ததே. ஆங்குப் பாறைப் பிளவுகளில் படிந்த படிகக்கல் நரம்புகளிலே பொன் பொதிந்துள்ளது.

அந்நரம்புகளைப் பின்தொடர்ந்து வடஆர்க்காடு, சேலம் மாவட்டத் தமிழர் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வரை இறங்கினர். வெப்பத்திலும் பாறை வெடிப்பிலும் உயிரிழந்தோர் பலர். கல்தூசியால் நுரையீரல் நைந்தோர் பலர். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. தலைமுறை தலைமுறையாக அதனையே நம்பிய குடும்பங்கள் பிழைப்பிழந்தன.

1891இல் ஓய்வுபெற்ற பூட் ஏற்காட்டில் வாழ்ந்தார். 1912 டிசம்பர் 29இல் கல்கத்தாவில் மறைந்தார்.

கல்லுக்குப் பெயரிட்டவரின் பெயர் நூல்களில் நிலைத்துவிட்டது. கல்லை உடைத்தோரின் பெயர்களை யார் எழுதுவர்? பிழைப்புக்காகக் கடல் கடந்து இத்தீவுகளில் வேரூன்றிய நாம், அவர்தம் உடன்பிறப்புகள். நம் முன்னோரின் பெயர்களையேனும் நாமே இன்று எழுதி வைப்போமாக.