பால்பாயிண்ட் பேனா தந்த பிரோ

பேனா மங்கலா எழுதினா உள்ளங்கையில வச்சு உருட்டுறோமே, அந்தக் கெட்டி மையோடு பல வருஷம் மல்லுக்கட்டியவர் லாஸ்லோ பிரோ. 1899 செப்டம்பர் 29-ல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் பிறந்தார். பத்திரிகையாளர். இங்க் பேனா ஒழுகி அவரைப் பாடாய்ப்படுத்தியது. அச்சகத்து மை மட்டும் சட்டென்று காய்வதைப் பார்த்தார். அதைப் பேனாவில் ஊற்றினால், கெட்டியாச்சே, நிப்பு வழியா இறங்கவே இல்லை. நிப்புக்குப் பதில் சின்ன உலோகக் குண்டு வைத்தார். குண்டு உருள உருள மை தாளில் ஒட்டும்.

பதம்தான் பெரும்பாடு. மை இறுகினா திக்கும், இளகினா ஒழுகும். (நம்ம ரெட்டியபட்டி வெயிலில் சட்டைப்பை நாசமாவது இதனால்தான்!) வேதியியல் தெரிந்த சகோதரர் கியோர்கி கைகொடுக்க, 1938-ல் காப்புரிமை வாங்கினார்.

அதே ஆண்டு ஹங்கேரியில் யூதர்களுக்கு எதிரான சட்டம் வந்தது. பிரோ யூதர். ஊரைவிட்டுப் பாரிசுக்கும், பிறகு அர்ஜென்டினாவுக்கும் போனார். அங்கே 1943-ல் புதுக் காப்புரிமை. உயரத்தில் பறக்கும்போதும் ஒழுகாததால் இங்கிலாந்து விமானப்படை அந்தப் பேனாவை வாங்கியது. பின்னாளில் உரிமையை விற்றுவிட்டார். கோடி கோடியாச் சம்பாதிச்சது வேற ஆட்கள்!

1985-ல் பியூனஸ் அயர்ஸ் நகரில் காலமானார். அவர் பிறந்தநாள்தான் அர்ஜென்டினாவில் கண்டுபிடிப்பாளர் தினம். பால்பாயிண்ட் பேனாவுக்கு அங்கே இன்னும் பேரு 'பிரோமே'.