பறவைகளுக்காகப் பேசிய ரேச்சல்

குழந்தைகளே! பூச்சியைக் கொல்லத் தெளிக்கும் மருந்து, பூச்சியை மட்டும்தான் கொல்லுமா? பூச்சி செத்ததும் அந்த மருந்து எங்கே போகிறது? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடி, எல்லாருக்கும் புரியும்படி எழுதிய ஒரு பெண்மணியை இந்த வாரம் தெரிந்து கொள்வோமா?

அவர் பெயர் ரேச்சல் கார்சன். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், ஸ்பிரிங்டேல் என்ற ஊரில் 1907 மே 27-ஆம் தேதி பிறந்தார். மூன்று குழந்தைகளில் இவரே கடைக்குட்டி. அம்மா மரியா, மகளைத் தோட்டத்துக்கும் காட்டுக்கும் அழைத்துப் போய்ப் பறவைகளையும் பூச்சிகளையும் காட்டுவார். எழுதுவதிலும் ரேச்சலுக்குக் கொள்ளை ஆசை. 11 வயதிலேயே இவரது கதை ஒரு சிறுவர் பத்திரிகையில் வெளிவந்தது!

கல்லூரியில் முதலில் ஆங்கிலம் படித்த ரேச்சல், பிறகு உயிரியலுக்கு மாறினார். 1932-இல் விலங்கியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். 1935-இல் அப்பா இறந்துவிட, குடும்பப் பொறுப்பு இவர் தோளில் விழுந்தது. அரசின் மீன்வளத்துறைக்காகக் கடல்வாழ் உயிர்களைப் பற்றி வானொலி நிகழ்ச்சிகள் எழுதினார். விஞ்ஞானிகள் கண்டறிந்ததை வீட்டில் இருந்து கேட்பவருக்கும் புரியும்படி சொல்ல வேண்டும். அந்தப் பயிற்சி பின்னாளில் பெரிதும் கைகொடுத்தது. 1951-இல் கடலைப் பற்றி இவர் எழுதிய நூல் பெரும் புகழ் பெற்றது. மறு ஆண்டே வேலையை விட்டு முழுநேர எழுத்தாளர் ஆனார்.

அந்தக் காலத்தில் டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லிக்கு ஏக மரியாதை. இரண்டாம் உலகப்போரில் மலேரியா கொசுவையும், டைபஸ் காய்ச்சலைப் பரப்பும் பேனையும் ஒழித்தது அதுதான். அதன் ஆற்றலைக் கண்டறிந்த பால் முல்லருக்கு 1948-இல் நோபல் பரிசே கிடைத்தது. அதனால் மக்கள் பயமின்றிப் பயன்படுத்தினார்கள். விமானத்தில் இருந்தும் ஊர் மேல் தெளித்தார்கள்.

1958-இல் ரேச்சலுக்குத் தோழி ஒருவரிடம் இருந்து சேதி வந்தது. கொசு ஒழிக்க விமானத்தில் மருந்து தெளித்த பிறகு, தன் வீட்டைச் சுற்றிப் பறவைகள் செத்துக் கிடந்தன என்று அவர் வருந்தியிருந்தார்.

ரேச்சல் அவசரப்படவில்லை. ஆதாரங்களைத் தேடத் தொடங்கினார். மிச்சிகன் மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் எல்ம் மரங்களுக்கு டி.டி.டி. தெளித்திருந்தார்கள். இலைகள் உதிர்ந்தன. அவற்றை மண்புழுக்கள் தின்றன. அந்தப் புழுக்களைத் தின்ற ராபின் பறவைகள் துடிதுடித்துச் செத்தன. பெரிய மண்புழுக்கள் 11 போதும், ஒரு ராபினைக் கொல்ல!

கலிபோர்னியாவில் ஒரு ஏரி. அங்கே சிறு பூச்சிகளை ஒழிக்க, டி.டி.டி.யின் இனத்தைச் சேர்ந்த மருந்தை, 5 கோடி பங்கு தண்ணீருக்கு 1 பங்கு வீதம் கலந்தார்கள். இவ்வளவு கொஞ்சம் என்ன செய்துவிடும் என்றுதானே நினைப்பீர்கள்? அது நுண்ணுயிர்களில் சேர்ந்தது. அவற்றைத் தின்ற மீன்களில் இன்னும் கூடுதலாகச் சேர்ந்தது. மீன்களைத் தின்ற முக்குளிப்பான் பறவையின் கொழுப்பைச் சோதித்தபோது, 625 பங்கு கொழுப்பில் 1 பங்கு மருந்து இருந்தது. பறவைகள் கூட்டமாக மடிந்தன.

மனிதரையும் சோதித்திருந்தார்கள். உடல் கொழுப்பிலும் தாய்ப்பாலிலும் கூட டி.டி.டி. இருந்தது. ஆனால், இந்த முடிவுகள் விஞ்ஞான ஏடுகளில் தூங்கிக் கொண்டிருந்தன. யார் தலைமேல் மருந்து விழுந்ததோ, அவர்களுக்குத் தெரியவில்லை! இதைத்தான் ரேச்சலால் பொறுக்க முடியவில்லை.

நான்கு ஆண்டுகள் உழைத்து, 1962-இல் 'மவுன வசந்தம்' என்ற நூலை வெளியிட்டார். பறவைகளின் பாட்டே கேட்காத வசந்த காலம் என்பது இதன் பொருள். அறிஞர்களிடம் காட்டிச் சரிபார்த்த பிறகே அச்சுக்குக் கொடுத்தார். ஆதாரப் பட்டியல் மட்டும் 50 பக்கத்துக்கு மேல்! பூச்சிமருந்தே கூடாது என்று அவர் சொல்லவில்லை. கண்மூடித்தனமாகத் தெளிக்கக் கூடாது, ஆபத்தை மக்கள் அறிய வேண்டும் என்றுதான் சொன்னார்.

மருந்து நிறுவனங்கள் கொதித்தெழுந்தன. அவரைக் கேலி செய்தன. அப்போது ரேச்சல் புற்றுநோயால் அவதிப்பட்டார். அது வெளியே தெரிந்தால், நோயின் கோபத்தில் எழுதினார் என்று சொல்லி, ஆதாரங்களை ஒதுக்கிவிடுவார்களே! அதனால் வலியை மறைத்துக் கொண்டார். 1963-இல் தொலைக்காட்சியில் தோன்றி நிதானமாக விளக்கினார். ஜனாதிபதி கென்னடியின் அறிவியல் ஆலோசனைக் குழுவும் அந்த ஆண்டு விசாரித்து, அவரது கவலை நியாயமானது என்பதை உறுதி செய்தது.

1964 ஏப்ரல் 14-ஆம் தேதி, 56 வயதில் ரேச்சல் மறைந்தார். எட்டு ஆண்டுகள் கழித்து, 1972-இல், அமெரிக்கா தன் நாட்டில் டி.டி.டி.யைப் பயிர்களுக்குத் தெளிக்கத் தடை விதித்தது. 2001-இல் உருவான ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம், மலேரியா போன்ற நோய்களைப் பரப்பும் பூச்சிகளைக் கட்டுப்படுத்த மட்டும் அதற்கு இடம் கொடுத்தது.

குழந்தைகளே! ஓர் ஆபத்தைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது. மிகைப்படுத்தாமல், மறைக்காமல், உரியவர்களுக்குப் புரியும்படி சொல்லவும் வேண்டும். அடுத்த முறை வீட்டில் கொசு மருந்தோ எறும்பு மருந்தோ வாங்கினால், அதன் மேல் அச்சிட்டுள்ள எச்சரிக்கையைப் படித்து, அம்மா அப்பாவுக்கும் படித்துக் காட்டுங்கள். செய்வீர்கள்தானே?