இருமலுக்கு நடுவே ஒரு பாட்டு

நம் வட்டத்துக் கூட்டங்களில் தீராத வழக்கு ஒன்று உண்டு. கவிஞன் தான் பட்டதை மட்டுமே பாட வேண்டுமா, பிறர் சொல்லையும் தனதாக்கிக்கொண்டு பாடலாமா என்பதே அது. பத்து ஆண்டுகளாக நாம் அதற்குத் தீர்ப்பு எழுதவில்லை, எழுதவும் வேண்டாம். ஆனால் அந்த வழக்கில் ஒரு சாட்சியை நிறுத்தலாம் என்று தோன்றியது. அமெரிக்கத் தென்மாநிலத்து மக்களின் ‘கண்ட்ரி’ இசைக்குத் தந்தை என்று போற்றப்படும் ஜிம்மி ராட்ஜர்ஸ்தான் அவர்.

ராட்ஜர்ஸ் பிறந்தது 1897 செப்டம்பர் 8 அன்று. மிசிசிப்பி மாநிலத்து மெரிடியன் என்ற ரயில் நகரமே அவர் ஊர். தாயைச் சிறு வயதிலேயே இழந்தார். தந்தை இருப்புப்பாதை பராமரிக்கும் கூலிகளுக்கு மேஸ்திரி. அந்தக் கூலிகளுக்குத் தண்ணீர் சுமந்து கொடுப்பதுதான் சிறுவனுக்குக் கிடைத்த வேலை. தண்டவாளத்தை நெம்பிச் சரிசெய்யும் கறுப்பினத் தொழிலாளர்கள் கடப்பாரையின் அசைவுக்கு ஏற்பப் பாடுவார்கள். ‘ப்ளூஸ்’ எனப்படும் அவர்களுடைய துயரப் பாட்டு அவர் காதில் விழுந்தது அங்கேதான். பள்ளிக்கூடம் அவருக்குக் கொடுத்ததைவிட அந்தத் தண்ணீர் வாளி அதிகம் கொடுத்தது என்பேன்.

வளர்ந்ததும் ரயிலில் பிரேக்மேன் ஆனார். வெயிலும் பனியும் புகையும் கரித்தூளும் நிறைந்த வேலை. 1920இல் கேரி வில்லியம்சன் என்ற பெண்ணை மணந்தார். அடுத்த ஆண்டு ஒரு மகள் பிறந்தாள். இரண்டாவது மகள் 1923இல் கைக்குழந்தையாகவே இறந்துபோனாள். 1924இல் அவருக்குக் காசநோய் என்று தெரிந்தது.

எலும்புருக்கி என்று நம் முன்னோர் பெயரிட்ட நோய் அது. அன்று அதற்கு மருந்து இல்லை. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943இல்தான். ஓய்வு, நல்ல உணவு, தூய காற்று என்பதே மருத்துவர்கள் சொல்லக்கூடிய அனைத்தும். கூலிக்காரனுக்கு இந்த மூன்றில் எது வாய்க்கும்? ரயில் வேலை கைநழுவியது. வயிற்றுப்பாட்டுக்கு மிஞ்சியது பாட்டு ஒன்றே. நுரையீரல் பழுதானவன் மூச்சையே முதலாக்கிப் பிழைக்கத் தொடங்கிய விசித்திரம் இது.

1927 ஆகஸ்ட் 4 அன்று, டென்னசியும் வர்ஜீனியாவும் சந்திக்கும் பிரிஸ்டல் நகரில், விக்டர் நிறுவனத்துக்காக ரால்ஃப் பியர் நடத்திய ஒலிப்பதிவில் அவர் பாடினார். உடன் வந்த குழு முதல் நாள் சச்சரவில் பிரிந்துபோய்விட்டதால் தன்னந்தனியாகக் கிதாரை மீட்டிப் பாட நேர்ந்தது. அந்த நவம்பரில் பதிவான முதல் ‘ப்ளூ யோடல்’ அவரை நாடறியச் செய்தது. அடிக்குரலிலிருந்து உச்சக் குரலுக்குச் சட்டென்று தாவி மீள்வதே யோடல். கேட்பவருக்கு அது விளையாட்டு. பாடுபவருக்கு மூச்சின் சோதனை.

பணம் வந்தது. வந்த வேகத்தில் போகவும் செய்தது. 1929இல் டெக்சாஸின் கெர்வில் என்ற மலைப்பகுதி ஊரில் பெரிய வீடு கட்டினார். உலர்ந்த காற்றைத் தேடிக் காசநோயாளிகள் வந்து தங்கும் ஊர் அது. அந்த வீட்டையும் வெகுகாலம் வைத்திருக்க முடியவில்லை.

இனி, நான் சொல்ல வந்த பாட்டு. 1931 ஜனவரி 31 அன்று சான் அன்டோனியோ நகரில் ‘டி.பி. ப்ளூஸ்’ பதிவானது. காசநோய் வந்தவர் வீட்டுக்கு அண்டை அயலார் வராத காலம். குடும்பத்தார் நோயின் பெயரையே வாயில் எடுக்கத் தயங்குவார்கள். சீட்டு வாங்கி வரும் கூட்டத்தை நம்பிப் பிழைக்கும் பாடகர், அந்த நோயைத் தலைப்பாகவே வைத்து இசைத்தட்டு வெளியிட்டார். பாட்டில் உடலின் நடுக்கத்துக்கு ரயில் உவமையாகிறது. ரயிலில் உழைத்தவருக்கு அந்த உவமையைத் தேட வேண்டியிருந்திருக்காது. ஆறுதலும் சொல்லாமல், இரக்கமும் கேட்காமல், தோல்வியை ஒப்புக்கொண்டு பாட்டு நின்றுவிடுகிறது.

இது முழுக்க அவர் கதை என்று நாம் நினைக்கும்போதுதான் வழக்கு சிக்கலாகிறது. காசநோயைப் பற்றிய ப்ளூஸ் அவர் கண்டுபிடித்ததன்று. விக்டோரியா ஸ்பைவி என்ற கறுப்பினப் பாடகி 1927இலேயே அதே தலைப்பில் பாடியிருந்தார். சொற்களும் ராட்ஜர்ஸ் ஒருவருடையவை அல்ல. டெக்சாஸ் சிறையில் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்த ரேமண்ட் ஹால் என்பவர் அவருக்குப் பாட்டுகள் எழுதி அனுப்பிவந்தார். இந்தப் பாட்டின் ஆசிரியர்களில் அவரும் ஒருவர். மெட்டு வகை தண்டவாளக் கூலிகளின் சமூகத்திலிருந்து வந்தது, சொல்லில் ஒரு பங்கு கைதியுடையது. அப்படியானால் ராட்ஜர்ஸுடையது என்ன? அந்த மூச்சு மட்டுமே. என்னளவில் அது போதும். நீங்கள் மறுக்கலாம்.

மறுப்பவர்களுக்கு இன்னொரு சாட்சியும் வைத்திருக்கிறேன். 1932இல் அதே நோயைப் பற்றி அவர் மற்றொரு பாட்டைப் பதிவு செய்தார். அதில் காசநோயை அடித்து வீழ்த்திக்கொண்டிருப்பதாக உற்சாகமாகச் சொல்கிறார். அப்போது அவர் உடல் முன்னைவிட மோசம். துணிவைக் கண்டு நெகிழலாம், ஆனால் பாட்டு மனதில் ஒட்டவில்லை. கைதியின் சொல் கலந்த பாட்டில் இருந்த உண்மை இதில் காணவில்லை. நோயாளி தன் வீட்டாரைத் தேற்றுவதற்காகச் சிரிப்பதுபோல் இருக்கிறது. அதைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

1933 மே மாதம் அவர் நியூயார்க் சென்றார். பொருளாதார மந்தத்தில் இசைத்தட்டு விற்பனை சரிந்திருந்தது. மனைவிக்கும் மகளுக்கும் ஏதாவது விட்டுச்செல்ல வேண்டும். செவிலி ஒருவர் துணையிருக்க, ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு கட்டில் போடப்பட்டது. ஒரு பாட்டு, பிறகு படுக்கை, மீண்டும் எழுந்து இன்னொரு பாட்டு. மே 24 அன்று கடைசிப் பதிவு முடிந்தது. மே 26 அதிகாலையில் டாஃப்ட் ஹோட்டல் அறையில் இரத்தம் கக்கி இறந்தார். வயது 35. ஆறு ஆண்டு நிறையாத காலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட பாட்டுகளைப் பதிவு செய்திருந்தார்.

1961இல் கண்ட்ரி இசைப் புகழ் மன்றம் தன் முதல் மூவரில் ஒருவராக அவரைச் சேர்த்தது. ஆனால் 1933 மே மாத இறுதியில் நடந்தது அவ்வளவுதான்: சவப்பெட்டி ரயிலில் ஏற்றப்பட்டுத் தெற்கே போயிற்று. மெரிடியனை நெருங்கியபோது ஓட்டுநர் வழக்கமான கூவலை விடாமல், ஊதலைத் தாழ்த்தி நெடுந்தூரம் ஒலிக்க விட்டார் என்று அந்த ஊரார் சொல்வார்கள். நிலையத்தில் கூடிநின்றவர்களில் அவரோடு வேலை பார்த்த ரயில்காரர்களும் இருந்தார்கள்.