வேலிக்கும் ஒரு காவல் வேண்டும்! (சர் ஹம்ப்ரி டேவியின் வாழ்க்கை)



ஆண்டு மலருக்கு ஓர் அறிஞரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி நம் மாணவர் மன்றச் செயலாளர் கேட்டவுடன், நான் சர் ஹம்ப்ரி டேவியின் பெயரைச் சொன்னேன். அதற்குக் காரணம் எங்க வீட்டு வேலிதான். விஞ்ஞானிக்கும் வேலிக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கறீங்களா? சொல்கிறேன்.

திருத்தணிக்குப் பக்கத்தில் கே.ஜி.கண்டிகையில் எங்கள் வீடு. வீட்டைச் சுற்றி இரும்பு ஆங்கிள் கம்பம் நட்டு, ஜி.ஐ. வலை கட்டி, மேலே இரண்டு வரி முள்கம்பி ஓட்டியிருந்தார் நைனா. நான் முதல் வருஷம் படிக்கும்போது, பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளை அடித்தோம். கம்பங்களுக்கு பெயிண்ட் அடிக்கும் வேலை எனக்கு. அடியில் துரு இருந்தது. சுரண்ட சோம்பேறித்தனம். அதன் மேலேயே அலுமினிய பெயிண்டைப் பூசிட்டேன். பளபளன்னு இருந்தது. எல்லோரும் பாராட்டினார்கள்.

அந்த வருஷம் ஐப்பசியில், மழை விட்ட ஒரு காலையில், எங்க அவ்வா கேட் ஓரத்துக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வாசல்படி இறங்கினார். கம்பம் தரையோடு முறிந்தது. அவ்வா விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு! முறிந்த இடத்தைப் பார்த்தேன். கான்கிரீட்டை ஒட்டி இரும்பு அப்பளம் அப்பளமாக உரிந்திருந்தது. நான் பூசிய பெயிண்ட் மட்டும் நல்லாத்தான் இருந்தது. வீட்டில் யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் ரொம்ப வலித்தது. அந்த வலியில்தான் நூலகத்தில் துருவைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். படித்த பக்கங்களில் டேவி வந்தார்.

1778 டிசம்பர் 17ஆம் தேதி இங்கிலாந்தின் பென்சான்ஸ் என்ற கடற்கரை ஊரில் பிறந்தவர் டேவி. தந்தை மரத்தில் செதுக்கு வேலை செய்தவர். 1794இல் கடனை வைத்துவிட்டு அவர் காலமானார். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர் டேவி. மறு வருடமே ஒரு வைத்தியரிடம் அப்ரண்டிஸாகச் சேர்ந்தார். ஆம் நண்பர்களே, அப்ரண்டிஸ்! கல்லூரிக்குப் போய் அவர் படித்ததில்லை. கையில் கிடைத்த பாத்திரங்களை வைத்துத் தானே சோதனை செய்து கற்றார். 1801இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் வேலைக்குச் சேர்ந்தார். 1807இல் மின்சாரத்தைக் கொண்டு பொட்டாசியத்தையும் சோடியத்தையும் பிரித்தெடுத்தபோது அவருக்கு வயது 28. 1812இல் சர் பட்டம். புத்தகம் பைண்டிங் செய்துகொண்டிருந்த மைக்கேல் ஃபாரடேயை 1813இல் உதவியாளராகச் சேர்த்துக்கொண்டவரும் இவரே.

டேவி தம் வாழ்நாளில் இரண்டு காவல்கள் அமைத்தார். முதலாவது, நெருப்புக்குப் போட்ட வேலி. 1812இல் ஃபெல்லிங் நிலக்கரிச் சுரங்கத்தில் வாயு வெடித்து 92 பேர் மாண்டார்கள். வெளிச்சத்துக்குக் கொண்டுபோன விளக்கே சுரங்கத் தொழிலாளிக்கு எமன்! 1815இல் டேவி, விளக்கின் சுடரைச் சுற்றி மெல்லிய கம்பி வலையைப் பொருத்தினார். ஒரு சதுர அங்குலத்தில் 784 கண்கள் உள்ள வலை. கம்பி சூட்டை இழுத்துக்கொள்வதால் நெருப்பு வலையைத் தாண்டி வெளியே போகாது. இதற்கு அவர் காப்புரிமை வாங்கவில்லை. ஆனால் வலை துருப்பிடித்தாலோ ஒரு கண் பிய்ந்தாலோ அந்த விளக்கை நம்பிப் பயனில்லை. பழுதான விளக்குகளால் பிறகும் உயிர்கள் போயின. ஆகவே சுரங்கத்துக்குள் இறங்கும் முன் வலையைச் சோதிப்பது கட்டாய வேலையானது.

இரண்டாவது காவல் கடலில். அக்காலப் போர்க்கப்பல்களின் மர அடிப்பாகத்தைச் செப்புத் தகட்டால் மூடுவார்கள். உப்புநீர் அந்தச் செம்பைத் தின்றது. 1824இல் டேவி ஒரு வழி சொன்னார். செம்போடு துத்தநாகத்தையோ இரும்பையோ சிறு துண்டாக இணைத்துவிட்டால், அந்தத் துண்டு தான் கரைந்து செம்பைக் காப்பாற்றும். நம் கொச்சியில் கட்டப்பட்ட சமராங் என்ற கப்பலில், செம்பின் பரப்பில் 80இல் ஒரு பங்கு வார்ப்பிரும்பைப் பொருத்திக் கடலுக்கு அனுப்பினார்கள். செம்பு தப்பியது! ஆனால் வேறொரு தொல்லை வந்தது. செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவதுதான் கடல் சிப்பிகளையும் பாசியையும் ஒட்டவிடாமல் விரட்டி வந்திருக்கிறது. கரைவது நின்றதும் பல கப்பல்களில் அவை அப்பிக்கொண்டன; வேகம் குறைந்தது. சில வருடங்களில் கடற்படை அந்தத் துண்டுகளைக் கழற்றச் சொன்னது. பத்திரிகைகள் கேலி செய்தன. மனம் நொந்த டேவி, 1826 கடைசியில் பக்கவாதத்தில் விழுந்து, 1829 மே 29ஆம் தேதி ஜெனீவாவில் காலமானார். வயது 50தான்.

ஆனால் அவர் கண்ட தத்துவம் தோற்கவில்லை. 1837இல் பிரான்சில் சோரெல் என்பவர், இரும்பை உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். நம் வீட்டு ஜி.ஐ. கம்பி அதன் வாரிசு. கீறல் விழுந்தாலும் சுற்றியுள்ள துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும். தமிழ்நாட்டிலும் வள்ளல் அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்ததால் காரைக்குடியில் உருவாகி, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் உலோக அரிப்பை ஆராய்ந்து வருகிறது.

டேவியிடம் நான் கற்றது இதுதான்: காவல் போடுவதோடு வேலை முடியாது. போட்ட பிறகு திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கணும்.

இப்போது ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு தடவை, தை மாதத்தில் ஒரு தடவை வேலியைச் சுற்றி வருகிறேன். முதலில் கம்பம் மண்ணையும் கான்கிரீட்டையும் தொடும் இடம். சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு கணீர்னு கேட்கும். அரித்தது பொத்துனு கேட்கும். ஸ்குரூ டிரைவரால் குத்தியும் பார்ப்பேன். ஜி.ஐ. வலையில் வெள்ளைப் பொடி தெரிந்தால் துத்தநாகம் கரைகிறது என்று அர்த்தம். செந்துரு தெரிந்தால் அந்த இடத்தில் துத்தநாகம் தீர்ந்துபோச்சு. வெல்டிங் வைத்த இடத்திலும் வெட்டிய முனையிலும் துத்தநாகம் இருக்காது. அங்கேதான் துரு முதலில் நுழையும். வயர் பிரஷ்ஷால் பளிச்சென்று இரும்பு தெரியும் வரை தேய்த்து, ஈரம் காய்ந்த பிறகு பிரைமர் ஒரு கோட், அது காய்ந்த பின் பெயிண்ட் இரண்டு கோட். கம்பத்தடியில் தண்ணீர் நிற்காதபடி கான்கிரீட்டைச் சரிவாகப் பூசியாச்சு. கொடியையும் எருக்குவியலையும் வேலியை ஒட்ட விடுவதில்லை.

நண்பர்களே! நாளை நம்மில் பலர் ராணிப்பேட்டையிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் பராமரிப்புப் பிரிவில் வேலைக்குப் போவோம். அங்கே ஒரு கைப்பிடிக் கம்பியை, ஒரு ஏணியை, ஒரு தடுப்பு வலையை நம்பி யாரோ ஒருவர் சாய்ந்து நிற்பார். பார்க்காமலே பார்த்தேன் என்று ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடும் முன், எங்க அவ்வாவின் கையை ஒரு நிமிஷம் நினைச்சுக்குங்க.

அவ்வாவுக்கு இப்போது கை தேவலை. ஆனால் அந்தப் புதுக் கம்பத்தை மட்டும் இன்னும் பிடிப்பதில்லை. அவர் மறுபடி நம்பிப் பிடிக்கும் நாளுக்காக நான் காத்திருக்கிறேன்.